கடைமடையிலிருந்து கடைவரம்புக்கு: குமரியில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வெள்ளி

எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்குப் பக்கம். காவிரி கடலில் கலப்பதற்கு முன் கடைசியாக எட்டிப் பார்க்கும் கடைமடை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் மேலே உள்ள ஊர்க்காரர்கள் விதை நெல்லை ஊறப்போடுவார்கள். நாங்கள் நாளை எண்ண ஆரம்பிப்போம். அப்பாவுக்கு வயது எழுபத்து மூன்று. அந்த எண்ணிக்கையிலேயே அவர் ஆயுசு கழிந்திருக்கிறது. வயலை விட்டு நாலு நாள் வெளியே தங்கியதே இல்லை. இந்தப் புரட்டாசியில் எப்படியும் ஓரிடம் அழைத்துப் போவது என்று பிடிவாதமாக இருந்தேன். "எங்கப்பா போகணும்?" என்று கேட்டேன். "தண்ணி இருக்குற ஊரா பாரு பாப்பா" என்றார்.

அதனால்தான் குமரி மாவட்டம். என் கல்லூரித் தோழி நாகர்கோவிலில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்பது இன்னொரு காரணம்.

திருச்சியில் இருந்து காலையில் கிளம்பும் திருவனந்தபுரம் இன்டர்சிட்டியில் வந்தோம். இந்தப் பாதையைப் பகலில்தான் பார்க்க வேண்டும். திருநெல்வேலி தாண்டி வள்ளியூர் வரை செம்மண், உடைமரம், பனை. அப்புறம் மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்தில் நெருங்கி வந்து கூடவே நடக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பெட்டிக்குள் புகுந்து அப்பாவின் துண்டைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டு பக்கமும் காற்றாலைகள். கணவாயைத் தாண்டிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, சன்னலுக்கு வெளியே நிறமே மாறிவிட்டது. வயல், வயலுக்கு நடுவே குளம், குளத்தில் தாமரை, கரையில் தென்னை, அதற்குப் பின்னால் மேகம் உட்கார்ந்த மலை. அப்பா எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார்.

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நன்றாக நனைக்கிற நிலம் இது. அதனால் இங்கே இரண்டு பூ, அதாவது இரண்டு போகம் நெல்: கன்னிப்பூ, கும்பப்பூ. எங்கள் பக்கம் குறுவை, சம்பா என்கிறோமே, அதுபோல. இப்போது கன்னிப்பூ அறுவடை முடிகிற நேரம். பக்கத்து வயலில் கும்பப்பூவுக்கு உழுதுகொண்டிருந்தார்கள்.

இரவு தோழி வீட்டில் கஞ்சியும் சிறுபயறும் சுட்ட பப்படமும் தேங்காய்த் துவையலும். தோழியின் மாமியார் தோவாளைப் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவிடம் ஊர், நிலம் எல்லாம் விசாரித்துவிட்டு, "எங்களுக்க வயலும் கடைவரம்பு தான் அண்ணாச்சி. சானல்ல தண்ணி வந்து சேருதுக்குள்ள நாத்து முத்திப் போவும்" என்றார்கள்.

அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க, கடைவரம்பா?"

கடைமடைக்கு இந்த ஊரில் கடைவரம்பு என்று பெயர். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ராத்திரி பதினோரு மணி வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை மடை, யார் முறை வைப்பது, எந்த இடத்தில் உடைப்பு எடுக்கும். நானும் தோழியும் தூங்கப் போய்விட்டோம். காலையில் எழுந்து பார்த்தால் எங்கள் பயணத் திட்டத்தையே அப்பா மாற்றிவைத்திருந்தார். முதலில் அணை. அங்கிருந்து தண்ணீர் போகிற வழியே நாமும் கடல் வரை போக வேண்டும்.

இரண்டாம் நாள், சனி

குலசேகரம் வரை ஒரு பஸ், அங்கிருந்து பேச்சிப்பாறைக்கு இன்னொன்று. குலசேகரம் தாண்டியதும் ரப்பர். மரத்துக்கு மரம் ஒரே இடைவெளி, எல்லா மரத்திலும் இடுப்பு உயரத்தில் சாய்வாக ஒரு வெட்டு, வெட்டின் கீழ் முனையில் கட்டிய சிரட்டை. நாங்கள் இறங்கி நடந்த இடத்தில் ஓர் அண்ணன் பாலைச் சேகரித்துக்கொண்டிருந்தார். விடியும் முன்பே வெட்டிவிட வேண்டுமாம். வெயில் ஏறினால் பால் ஊறுவது குறைந்துவிடும். மழைக்காலத்தில் வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் பாவாடை கட்டியிருக்கிறார்கள், மழைநீர் வழிந்து சிரட்டைக்குள் விழாமல் இருக்க. பாலைத் தட்டில் ஊற்றி, ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து ஷீட் அடித்துப் புகையில் காயப்போடுவார்கள். வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடப்பதை உரித்து எடுத்தால் அது ஒட்டுப்பால், அதற்குத் தனி விலை.

"ஒக்கி அடிச்ச அன்னைக்கு இந்தத் தோட்டம் முழுக்க சரிஞ்சு கெடந்து. இப்போ நிக்குது எல்லாம் பொறவு நட்ட தை" என்றார் அவர். தை என்றால் கன்று. ஒக்கிப் புயல் அடித்தது 2017 நவம்பர் 30. எங்களுக்கு அடுத்த ஆண்டே கஜா புயல் வந்தது. தென்னந்தோப்பு முழுக்கப் படுத்தது. ஒரு மரம் காய்க்க எத்தனை வருஷம் என்று தெரிந்தவர்கள் அந்தப் பேச்சை நீட்டமாட்டார்கள். அப்பா அவர் தோளைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்.

பேச்சிப்பாறை அணை 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. ஸ்ரீமூலம் திருநாள் திருவிதாங்கூரை ஆண்ட காலம். கோதையாற்றின் குறுக்கே கட்டியது. பேச்சியம்மன் பெயரால் பேச்சிப்பாறை. கட்டிய பொறியாளர் மிஞ்சின் என்ற வெள்ளைக்காரர். வாயில் நுழையாத பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊர்மக்கள் அவரை மூக்கன் துரை என்று கூப்பிட்டிருக்கிறார்கள். 1913இல் இறந்த அவரை அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அப்பா அந்தக் கல்லறை முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குத் தேனிப் பக்கத்தில் பொங்கல் வைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இந்த மனிதரைப் பற்றி மாவட்டத்துக்கு வெளியே யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாகர்கோவில் சுற்றுப்புறத்து நெல், வாழை, தென்னை, குடிநீர் எல்லாவற்றிலும் இந்த அணைக்குப் பங்கு உண்டு. பாடப் புத்தகத்தில் ஒரு பத்தி இவருக்குக் கொடுக்கலாம்.

அணையின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில்தான் ஊரில் பேசுகிறார்கள். முழு மட்டம் பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி, சிற்றாறு ஒன்றும் இரண்டும் 18 அடி. நாளிதழில் தினமும் வரும். தோழி வீட்டு மாமியார் காப்பிக்கு முன்னால் அதைத்தான் படிக்கிறார்களாம். பேச்சிப்பாறை கோதையாற்றில், பெருஞ்சாணி பறளியாற்றில். பேச்சிப்பாறையில் இருந்து ஒரு கால்வாய் பறளியாற்றில் உள்ள புத்தன் அணைக்குத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அங்கிருந்து பாண்டியன் கால் (கால் என்றால் கால்வாய்) பிரிகிறது, பத்மநாபபுரம் புத்தனாறு பிரிகிறது. பாண்டியன் கால் தண்ணீரைப் பழையாற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கிருந்து அனந்தனாறு, தோவாளை சானல் என்று கிளைக்குக் கிளை. தோவாளை சானல் மாவட்ட எல்லையைத் தாண்டி ராதாபுரம் வரை போகிறது. ஓர் ஆற்றின் தண்ணீரை இன்னோர் ஆற்றில் விட்டு, அதை அள்ளி மூன்றாவது இடத்துக்குக் கொடுப்பது. நதிகளை இணைப்பதைப் பற்றி நாம் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறோம். பறளியாற்றைப் பழையாற்றோடு இணைக்கும் கால் பாண்டியன் பெயரில் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

மாலையில் திற்பரப்பு. கோதையாறு அகலமாகப் பாறையில் விரிந்து ஏறத்தாழ 50 அடி கீழே விழுகிறது. குற்றாலத்தைப்போல் தலையில் அறையாது, சரிந்து வந்து நனைக்கும். பக்கத்தில் மகாதேவர் கோயில். விடுமுறை நாள் என்பதால் கூட்டம். அருவிக்குச் சற்று மேலே தடுப்பணை இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் படகு விடுகிறார்கள். அங்கேதான் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு கரையிலும் தென்னையும் மரமும் தண்ணீரைத் தொடுமளவு சாய்ந்திருக்க, துடுப்புச் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. திரும்பும்போது ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினோம். விரல் நீளம்தான் இருக்கும், உரிக்கும்போதே மணக்கும். இங்கே கைக்குழந்தைக்குக் கொடுக்கிற முதல் பழம் இது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஸ்ஸிலேயே தீர்ந்துபோனது.

மூன்றாம் நாள், ஞாயிறு

தோழிக்கு விடுமுறை. அவள் காரில் கிளம்பினோம்.

முதலில் திருவட்டாறு. ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்துக்குக் கிடந்த கோலம். மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும்: ஒன்றில் முகம், நடுவில் நாபி, மூன்றாவதில் பாதம். கல்லில் செதுக்கியது இல்லை, கடுசர்க்கரை யோகம் என்ற சாந்துக் கலவையில் செய்தது. நம்மாழ்வார் பாடிய தலம். 418 ஆண்டுகளுக்குப் பிறகு 2022 ஜூலை 6ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. அந்த நாளைப் பற்றி வாசலில் பூ விற்ற அம்மா நேற்று நடந்ததுபோல் சொன்னார்கள்.

எனக்குக் கோயிலைவிட ஊரின் பெயர்க்கதை மனத்தில் நின்றது. பெருமாள் அடக்கிவைத்த கேசன் என்ற அசுரனின் மனைவி முறையிட, இரண்டு ஆறுகள் வெள்ளமாகப் பெருகிப் பெருமாளை மூழ்கடிக்க வந்தனவாம். பூமாதேவி அந்த இடத்தை உயர்த்திக்கொடுக்க, ஆறுகள் தலையைக் குனிந்து கோயிலைச் சுற்றி வட்டமாக ஓடின. அதுதான் வட்டாறு. கதையை விட்டுவிட்டு நிலத்தைப் பார்த்தாலும் அதுதான் இருக்கிறது. மேடான ஊர், இந்தப் பக்கம் கோதை, அந்தப் பக்கம் பறளி. இரண்டும் சேரும் இடத்துக்கு மூவாற்றுமுகம் என்று பெயர். அங்கே போய்ப் படியில் உட்கார்ந்தோம். மலையில் மழை பெய்திருக்க வேண்டும், ஓர் ஆறு கலங்கலாகவும் இன்னொன்று தெளிவாகவும் வந்தது. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் வரை இரண்டு நிறம் தனித்தனியாகத் தெரிந்தது. இங்கிருந்துதான் ஆறு குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரில் நடக்கிறது. நெல்லைத் தாமிரபரணி வேறு, இது வேறு.

பிறகு மாத்தூர் தொட்டிப்பாலம்.

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அப்பாவின் முகத்தில் பார்த்ததை எழுதிவிட முடியாது. இரண்டு குன்றுகள். நடுவே பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கின் அடியில் பறளியாறு. ஒரு குன்றின் பக்கம் பட்டணங்காலில் வந்த தண்ணீர், மறுபக்கம் போக வேண்டும். 28 தூண்களை நிறுத்தி, நூறு அடிக்கு மேல் உயரத்தில் ஒரு தொட்டியைக் கட்டி அதற்குள் கால்வாயையே தூக்கிக்கொண்டுபோய்விட்டார்கள். கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் வறண்ட மேட்டு நிலங்களுக்காகக் காமராஜர் எடுத்த முயற்சி. 1966இல் முடிந்தது. மோட்டார் கிடையாது. இந்த முனையைவிட அந்த முனை சற்றுத் தாழ்வு, அவ்வளவுதான். தண்ணீர் தானாகப் போகிறது.

தொட்டியை ஒட்டி நடப்பதற்கு வழி உண்டு. தோழி பாதியில் நின்றுவிட்டாள், அவளுக்கு உயரம் ஆகாது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வலது கைப்பக்கம் இடுப்பளவுக்குச் சுவர், அதற்குள் தண்ணீர் ஓசையில்லாமல் விரைந்துகொண்டிருந்தது. இடது பக்கம் ஒன்றுமில்லை, காற்று. வெகு கீழே தென்னைகளின் தலை பச்சைப் பூப்போலத் தெரிந்தது. அதற்கும் கீழே ஆறு. ஆற்றுக்கு மேலே கால்வாய். தண்ணீரைத் தண்ணீர் தாண்டுகிறது.

நடுவில் நின்று தொட்டிக்குள் கையைவிட்டார். எட்டவில்லை. குனிந்து மறுபடி விட்டார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். விரல்நுனி நனைந்தது.

"இதக் கட்டுனவன் கடைமடையில பொறந்திருக்கணும் பாப்பா" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. ஏழெட்டு வயதில் ஒருநாள் ராத்திரி அவரோடு வயலுக்குப் போயிருக்கிறேன். மேல் மடைக்காரர்கள் தண்ணீரை மறித்துவிட்டார்கள். அரிக்கேன் விளக்கோடு வாய்க்கால் கரையில் விடிய விடிய நின்றோம். அன்றைக்கு விடியற்காலையில் கணுக்கால் அளவு தண்ணீர் எங்கள் மடையில் நுழைந்தபோது அவர் நின்ற நிலை இன்னும் எனக்கு ஓர்மை இருக்கிறது. (ஓர்மை என்பது இந்த ஊர்ச் சொல். ஞாபகம் என்பதைவிட நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன்.) அதே நிலையில்தான் இன்று இந்தப் பாலத்தின் நடுவில் நின்றார்.

பாலத்தின் அடிக்குப் போகப் படிக்கட்டு இருக்கிறது. கீழே போய் அண்ணாந்து பாருங்கள். தூண்களின் அளவு அங்கிருந்துதான் தெரியும். ஏறும்போது மூச்சு வாங்கும், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து வாருங்கள். வாசலில் அன்னாசிப்பழம் வெட்டி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார்கள்.

சாயங்காலம் சிதறால். சமணர் படுக்கையும் புடைப்புச் சிற்பங்களும் உள்ள குன்று. 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. தீர்த்தங்கரர்கள் பாறையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பார்சுவநாதரின் தலைக்கு மேல் பாம்புக் குடை. பிற்காலத்தில் பகவதி கோயிலாகவும் ஆகியிருக்கிறது. மேலே ஏறி நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை தென்னையும் ரப்பரும்தான், வீடே தெரியாது. நடுவில் ஆறு மட்டும் அங்கங்கே மின்னியது. நாளை நாங்கள் போகவேண்டிய வழியை அப்பா விரலால் கடல் வரை கோடு போட்டுக் காட்டினார்.

நான்காம் நாள், திங்கள்

திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை கிடையாது. தக்கலை வழியாகப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்து பிரிந்து இன்றைய தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அரண்மனை அப்படியே அவர்களிடம் நின்றுவிட்டது. அந்தக் கண்ணாடிபோன்ற கறுப்புத் தரையைப் பார்க்கவாவது இன்னொரு முறை வருவேன்.

குழித்துறையில் இறங்கிச் சப்பாத்துப் பாலத்துக்கு நடந்தோம். ஆற்றை ஒட்டித் தாழ்வாகப் போட்ட பாலம், வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். ஆடி அமாவாசைக்கு இந்தக் கரையில் பலி இட வருகிற கூட்டத்தை ஒட்டித்தான் வாவுபலிப் பொருட்காட்சி. மார்த்தாண்டத்தில் புட்டும் பயறும் பப்படமும் சாப்பிட்டுவிட்டுத் தேங்காப்பட்டணம் பஸ் ஏறினோம். இங்கே பேச்சு மாறிவிடுகிறது. தண்ணீர் கேட்டால் "வெள்ளமா?" என்கிறார்கள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் வீட்டுச் சாமான்களைப் பரணில் ஏற்றுவோம். அப்பா முதலில் திடுக்கிட்டார், பிறகு அந்த அக்கா செம்பில் கொண்டுவந்து கொடுத்ததும் சிரித்தார்.

தேங்காப்பட்டணத்தை நெருங்க நெருங்க ஆறு அகன்று, ஓட்டம் நின்று, காயலாகிவிட்டது. ஆலப்புழைக்குப் போய்ப் படகுவீட்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அதே தென்னை, அதே அசையாத பச்சைத் தண்ணீர், அதே மீன்கொத்தி. இங்கே ஒரு வள்ளத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவரையும் எங்களையும் தவிர ஆளே இல்லை.

கடலில் ஆறு சேருமிடத்தைப் பொழிமுகம் என்கிறார்கள். கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை மூடிவிடும். மழையில் ஆறு பெருகினால் மணலை உடைத்துக்கொண்டு திறக்கும். சில சமயம் ஆட்களே வெட்டித் திறந்துவிடுவார்கள், அது பொழி முறிப்பது. மூடியிருந்தால் உள்ளே நன்னீர், திறந்தால் உப்பு. அந்த உப்புக்கும் நன்னீருக்கும் நடுவில் வாழப் பழகிய மீன்கள் காயலுக்கு உரியவை. எதிர்க்கரையில் இரயுமன்துறை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய நிலத்தில் வீடுகள். கடல் தின்ற வீடுகளின் அடித்தளம் இன்னும் கிடக்கிறது. இதற்கு மேற்கே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாகக் கடற்கரைக் கிராமங்கள். ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். ஒக்கியில் அதிகம் இழந்தவர்களும் அவர்கள்தான். ரப்பர்த் தோட்டத்தில் மரம் விழுந்த அதே நாளில் இங்கே வள்ளங்கள் திரும்பவில்லை.

இனி நான் எழுதப்போவது இந்தப் பயணத்தில் என்னை மிகவும் வருத்திய விஷயம்.

ஆற்றுக்குக் குறுக்காகக் கடலுக்கு இணையாக ஒரு கால்வாய் வந்து சேர்கிறது. ஏவிஎம் கால்வாய் என்பார்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம். பத்மநாப சுவாமியின் பெயர், இங்கிலாந்து ராணியின் பெயர், அரசர் மார்த்தாண்ட வர்மாவின் பெயர், மூன்றையும் சேர்த்து வைத்தது. உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் 1860இல் வெட்டத் தொடங்கினார்கள். திருவனந்தபுரத்தில் வள்ளத்தில் ஏறினால் கன்னியாகுமரியில் இறங்க வேண்டும் என்பது கனவு. பூவாற்றுக்கும் மண்டைக்காட்டுக்கும் இடையில் துண்டு துண்டாக வெட்டியதோடு நின்றுவிட்டது. வெட்டிய வரையில் உப்பும் தேங்காயும் கயிறும் வள்ளத்தில் போயிருக்கின்றன.

இன்று அதன் கரையோரம் நடந்தோம். சில இடத்தில் தாழையும் தென்னையும் சூழ, அப்படியே படம் வரைந்ததுபோல் இருக்கிறது. நூறு அடி நடந்தால் ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் குப்பை கொட்டிய மேடு. ஓரிடத்தில் கால்வாய் சாக்கடை அளவுக்குச் சுருங்கி ஒரு சுவரின் அடியில் போய் மறைந்தது. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டத்தில் பூவாற்றுப் பக்கத்துத் துண்டுக்கு 13ஆம் எண் தேசிய நீர்வழி என்று பெயரும் இருக்கிறது. எண்ணைக் கொடுத்தவர்கள் தூர் வாரியும் கொடுக்க வேண்டும். சுற்றுலாவுக்காக மட்டும் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் வடிய வழி இல்லாவிட்டால் கரையோர வீடுகளுக்குள்தான் அது போகும். கடல் உப்பு நிலத்தடிக்குள் ஏறாமல் இருக்க உள்ளே நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். வடிகாலை மூடினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கால்வாய்க் கரையில் இரண்டு அக்காமார் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ராட்டைச் சுற்ற, மற்றவர் இடுப்பில் கட்டிய தேங்காய் நார்த் தும்பை விரலால் விட்டுக்கொண்டே பின்னால் நடக்கிறார். எங்களைக் கண்டதும், "பாட்டா, வெயிலு கொள்ளாத. இஞ்ச தெங்கு நெழல்ல இரியும்" என்று அப்பாவை உட்காரவைத்தார்கள். தேங்காய் மட்டையை (இங்கே அதற்குத் தொண்டு என்று பெயர்) காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் அழுக்கிப்போட வேண்டும். சேறு மூடி ஊறினால்தான் நாருக்கு இடையில் உள்ள சோறு கழன்று தும்பு வெளுப்பாக வரும். அப்போது அழுகின முட்டை வாடை வீசும். அந்த வாடைதான் அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. "எங்க அம்மை காலத்துல இந்தக் கரை முழுக்க தொண்டு குழி தான். இப்போ மெஷின்ல அடிச்ச தும்பு வருது. வெள்ளம் நல்லா இருந்தா நாங்க இன்னும் செய்வோம்" என்றார் மூத்தவர். அப்பா கொஞ்சம் தும்பை வாங்கித் தொடையில் வைத்து உருட்டிப் பார்த்தார். எங்கள் ஊரில் கோரையில் பாய் நெய்த கைகளை அவருக்குத் தெரியும்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கடைசி நேரத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு ஒரு சாயாக் கடையில் ஒன்றரை மணி நேரம் ஒதுங்கினோம். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) சாளை மீன் கறியும் இருந்தது. மழைக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கிழங்கை மசித்து, குடம்புளி போட்ட கறியை அதில் ஊற்றி, வாழையிலைத் துண்டில் கொடுத்தார்கள். அப்பா இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இந்தப் பயணத்தில் இது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள், செவ்வாய்

விடியற்காலை கன்னியாகுமரி. மேகம், சூரியன் தெரியவில்லை. வள்ளுவர் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்கும் நடுவே கண்ணாடிப் பாலத்தைக் கரையில் இருந்தே பார்த்தோம். படகுக்கு வரிசை நீளமாக இருந்தது. காத்திருக்க மனமில்லாமல் கிளம்பிவிட்டோம். சுசீந்திரத்தில் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டுத் தேரூர் குளத்துக்கு. சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. வலசைப் பறவைகள் வர இன்னும் நாள் இருக்கிறது. நீர்க்காகங்களும் தாழைக்கோழிகளும் இருந்தன. ஒரு பக்கம் நான்குவழிச் சாலை இரைகிறது, மறுபக்கம் இவை பாட்டுக்கு மேய்கின்றன.

இங்கே பழையாறு. சுருளகோட்டுப் பக்கம் பிறந்து நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து மணக்குடியில் கடலைச் சேர்கிறது. பாண்டியன் கால் கொண்டுவந்த பறளியாற்றுத் தண்ணீரும் இதில்தான் இருக்கிறது. சனிக்கிழமை நாங்கள் அணையில் பார்த்ததில் ஒரு பங்கு, எத்தனையோ வயல்களுக்குள் போய் வடிந்து இங்கே வந்திருக்கும்.

மணக்குடிக் காயலில் ஒரு பக்கம் கீழமணக்குடி, எதிரே மேலமணக்குடி. நடுவில் இருந்த பாலத்தை 2004 டிசம்பர் 26 சுனாமி தூக்கி எறிந்தது. கான்கிரீட் பாலத்தைக் கடல் உள்ளே தள்ளிக்கொண்டுபோன படத்தை அப்போது எல்லாப் பத்திரிகையிலும் பார்த்தோம். நாகப்பட்டினம் பக்கம் எங்கள் உறவுக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இப்போது புதிய பாலம். காயலின் உள்பக்கம் அலையாத்தி நட்டு வளர்த்திருக்கிறார்கள். அப்பா முதலில் நம்பவில்லை. பக்கத்தில் போய் சேற்றில் இருந்து ஊசி ஊசியாக மேலே நீண்டிருந்த மூச்சுவேர்களைப் பார்த்த பிறகுதான், "நம்ம முத்துப்பேட்டை மரம்!" என்றார். ஐந்து நாளில் அவர் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்கவில்லை. கோரையாறும் பாமணியாறும் கலக்கிற எங்கள் காயல் கரையில் சிறுவயதில் நண்டு பிடித்தவர் அவர். ஒரு நாற்றின் இலையைத் தடவி, அடியில் உப்பு பூத்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார்.

பாலத்தின் நடுவில் நின்றோம். பொழி திறந்திருந்தது. கடலின் அலை உள்ளே வர, ஆறு வெளியே தள்ள, நடுவில் நுரை ஒரு கோடாக நின்றது. வீச்சுவலைக்காரர் ஒருவர் அந்தக் கோட்டையே பார்த்தபடி முழங்கால் தண்ணீரில் காத்திருந்தார்.

அப்பா சட்டைப் பையில் இருந்து போனை எடுத்து ஊருக்குப் போட்டார். சித்தப்பா எடுத்தார். கடல் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"தண்ணி வந்துருச்சாடா?"

அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். அப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தலையை ஆட்டினார்.

"மடைவாய் வரைக்கும் வந்துருச்சாம் பாப்பா. வயலுக்கு இன்னும் ஏறல. ராத்திரி வண்டி எத்தன மணிக்கு?"